எண்ணூர்க் கழிமுகத் தண்ணீரை எந்தப் பல்ஸில் அளப்பது?

எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கத்திலிருந்து வேதியியல் படிக்க வரும் பிள்ளைகளில் பலர், புராஜெக்ட் தலைப்பு என்றதும் கழிமுகத் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம், பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கிடும் இடம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கும் இடம். அந்தத் தண்ணீரில் ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்ற கேள்வி அவர்களுக்கு வீட்டிலிருந்தே வருகிறது; அப்பா இறால் பிடிக்கும் தண்ணீர் அது. துறையில் பாதரசத் துளி மின்முனையும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட்டும் இருந்தால் அந்தக் கேள்விக்கான வேலையைக் கல்லூரியிலேயே முடித்துவிடலாம். மென்பொருளைத் திறந்தால் மின்னழுத்தத்தைச் சிறு தள்ளல்களாக, அதாவது பல்ஸாகக் கொடுக்கும் மூன்று முறைகளின் பெயர்கள் வந்து நிற்கும்: நார்மல் பல்ஸ், டிஃபரன்ஷியல் பல்ஸ், ஸ்கொயர் வேவ். எதைத் தேர்ந்தெடுப்பது?

பாடநூலின் கடைசி அட்டவணையைப் பார்த்து, எது மிகக் குறைந்த செறிவைக் காண்கிறதோ அதை எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த அட்டவணை சுத்தமான எலக்ட்ரோலைட்டில் (மின்சாரம் கடத்தும் உப்புக் கரைசல்), கரிமக் கழிவு ஒரு துளியும் இல்லாத கரைசலில் எடுத்த எண்களால் ஆனது. எண்ணூர்த் தண்ணீர் அப்படி இல்லை. அதில் உப்பு உண்டு, சாக்கடை உண்டு, எண்ணெய்ப் படலம் உண்டு, அடிச்சேற்றைக் கிளறினால் கந்தக நாற்றமும் உண்டு. இந்த நான்கும்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. காத்திருக்காமல் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: செரிக்க வைக்காத, அதாவது கரிமப் பொருளை அழிக்காத கழிமுகத் தண்ணீருக்கு, தொங்கும் துளியில் ஸ்ட்ரிப்பிங் (உலோகத்தை முதலில் துளிக்குள் சேர்த்து, பிறகு வெளியேற்றி அளப்பது) செய்து, டிஃபரன்ஷியல் பல்ஸில் படிப்பது. நன்றாகச் செரித்த மாதிரிக்கு ஸ்கொயர் வேவ். நார்மல் பல்ஸ் இந்த வேலைக்கு ஆகாது. காரணங்களைக் கீழே எழுதுகிறேன். உங்கள் தண்ணீர் வேறு என்றால் உங்கள் முடிவும் வேறாகலாம்.

பல்ஸ் எதற்கு

யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி 1922-ல் பிராகாவில் சொட்டும் பாதரசத்தை மின்முனையாக்கிப் போலரோகிராஃபியைத் தொடங்கினார். 1959-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு சொட்டும் புதிய மேற்பரப்பு, முந்தைய அழுக்கு எதுவும் ஒட்டியிருக்காது. பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் எளிதில் வெளிவராது என்பதால் எதிர்மின்னழுத்தத்தில் வெகுதூரம் போகலாம். துத்தநாகம் வரைக்கும் தொல்லையில்லாமல் பார்க்கலாம். இந்த இரண்டு குணங்களுக்காகத்தான் நூறு ஆண்டுகள் கழித்தும் பாதரசத்தை விட மனம் வரவில்லை.

பழைய போலரோகிராஃபியின் குறை, துளியின் மேற்பரப்பு ஒரு மின்தேக்கி போல நடந்துகொள்வது. மின்னழுத்தத்தை மாற்றினால் அந்தத் தேக்கியை நிரப்ப ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. உலோக அயனி தரும் மின்னோட்டம் சிறிதாக இருக்கும்போது, இந்த நிரப்பு மின்னோட்டம் அதை முழுங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் ஜெஃப்ரி பார்க்கர் 1950-களில் கண்டுகொண்ட வழி எளிமையானது: மின்னழுத்தத்தைத் திடீரென்று ஒரு படி ஏற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்து அளப்பது. ராயபுரத்தில் மின்சார ரயில் நின்றதும் கதவருகே வரும் நெரிசல் நொடியில் கலைந்துவிடும். பிளாட்ஃபாரத்தில் நடந்து போகிறவர்கள் மெதுவாகத்தான் குறைவார்கள். நிரப்பு மின்னோட்டம் அந்த நெரிசல், அடுக்குக்குறியாகச் சரிந்து காணாமல் போகும். உலோகத்தின் மின்னோட்டம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் நிதானமாக இறங்கும். கலைந்த பிறகு எண்ணினால் கிடைப்பது பெரும்பாலும் உலோகம்தான். மூன்று முறைகளும் இதே அடிப்படையில்தான் நிற்கின்றன. எப்போது படி ஏற்றுவது, எத்தனை முறை எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு.

நார்மல் பல்ஸ்

துளி எதுவும் நடக்காத ஒரு மின்னழுத்தத்தில் காத்திருக்கும். அதன் ஆயுள் முடியும் தறுவாயில் சுமார் 50 மில்லிநொடி நீளத்துக்கு ஒரு பல்ஸ். அடுத்த துளிக்கு இன்னும் கொஞ்சம் உயரமான பல்ஸ். வரும் வரைபடம் படிக்கட்டு போல ஏறி நிற்கும் அலை. எட்டும் எல்லை, அதாவது காணக்கூடிய மிகக் குறைந்த செறிவு, சுமார் 10⁻⁷ மோலார் (லிட்டருக்கு இத்தனை மோல்).

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை, 10500 என்ற எண்ணில் 2012-ல் வெளியான பதிப்பு, ஈயத்துக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்கிறது. ஈயத்தின் அணு நிறை 207.2, ஆக அது 4.8 × 10⁻⁸ மோலார். காட்மியத்துக்கு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம், அதாவது 2.7 × 10⁻⁸ மோலார். கழிமுகத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை, அதனால் அந்த எல்லை அங்கே சட்டமில்லை. ஆனாலும் கையில் ஒரு அளவுகோல் வேண்டும், இதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த அளவுகோலைக்கூட நார்மல் பல்ஸால் தொட முடியாது.

அதற்காக அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை. துளி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ஒன்றும் நடக்காத மின்னழுத்தத்தில் கழிப்பதால் மேற்பரப்பில் விளைபொருள் படிவது குறைவு. பரவல் குணகம் கணக்கிடவும், ஒரு வினையில் எத்தனை எலக்ட்ரான் என்று புரிந்துகொள்ளவும் அதைவிடத் தெளிவான முறை இல்லை. முதலாண்டு மாணவருக்குப் பாடம் நடத்த அதைத்தான் எடுப்பேன். கழிமுகத்துக்கு எடுத்துக்கொண்டு போக மாட்டேன்.

டிஃபரன்ஷியல் பல்ஸா, ஸ்கொயர் வேவா

உண்மையான போட்டி இங்கேதான்.

டிஃபரன்ஷியல் பல்ஸில் மெதுவாக ஏறும் மின்னழுத்தத்தின் மேல், வழக்கமாக 50 மில்லிவோல்ட் உயரத்துக்கு ஒரு சிறு பல்ஸ் உட்காரும். பல்ஸுக்குச் சற்று முன்னால் ஒரு அளவு, பல்ஸ் முடியும்போது இன்னொரு அளவு; இரண்டின் வித்தியாசத்தை வரைந்தால் அலைக்குப் பதில் பீக் கிடைக்கும். சிறிய பல்ஸில் இரண்டு எலக்ட்ரான் மீள்வினைக்கு (இரு திசையிலும் எளிதில் நடக்கும் வினை) பீக்கின் பாதி உயரத்து அகலம் சுமார் 45 மில்லிவோல்ட். காட்மியம், ஈயம் பீக்குகளுக்கு நடுவே ஏறத்தாழ 200 மில்லிவோல்ட் இடைவெளி இருப்பதால் இரண்டும் தனித்தனியாக நிற்கும். எட்டும் எல்லை 10⁻⁸ மோலார் அளவில்.

ஸ்கொயர் வேவில் படிக்கட்டு போல ஏறும் மின்னழுத்தத்தின் மேல் ஒரு சதுர அலை. ஒவ்வொரு படியிலும் மேலே தள்ளும்போது ஒரு அளவு, கீழே இழுக்கும்போது ஒரு அளவு. மீள்வினையாக இருந்தால் இரண்டு மின்னோட்டங்களும் எதிரெதிர்த் திசையில் ஓடும், கழித்தால் கூடிவிடும். அதனால் பீக் பெரிதாகிறது. பார்க்கர் 1952-லேயே ஒரு வடிவம் கொடுத்திருந்தாலும், இன்று கருவிகளில் இருக்கும் வடிவம் ஜேனட் ஆஸ்டர்யங், ராபர்ட் ஆஸ்டர்யங் இருவரின் உழைப்பால் நிலைபெற்றது.

மாணவர்கள் ஸ்கொயர் வேவ் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் வேகம். "சார், அஞ்சு செகண்ட்ல ஸ்கேன் முடிஞ்சிடுது, எதுக்கு சார் நாலு நிமிஷம் உக்காரணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மைனஸ் 1.2 வோல்ட்டிலிருந்து பிளஸ் 0.05 வரை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று வையுங்கள், மொத்தம் 1250 மில்லிவோல்ட். பழைய வழக்கப்படி டிஃபரன்ஷியல் பல்ஸை நொடிக்கு 5 மில்லிவோல்ட்டில் ஓட்டினால் 250 நொடி. ஸ்கொயர் வேவை 50 ஹெர்ட்ஸில், 5 மில்லிவோல்ட் படியில் ஓட்டினால் 5 நொடி. ஒரு மாதிரிக்கு, அதன் மேல் இரண்டு முறை ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த கரைசல்) சேர்த்து, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடுத்தால் ஆறு ஸ்கேன். ஒன்றில் 25 நிமிடம், மற்றதில் அரை நிமிடம்.

ஆனால் ஸ்ட்ரிப்பிங் செய்கிறவர் ஸ்கேனுக்காக மட்டும் காத்திருப்பதில்லை. கரைந்த ஆக்சிஜனை விரட்ட நைட்ரஜன் விட 5 நிமிடம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் உலோகத்தைத் துளிக்குள் சேர்க்க 2 நிமிடம், ஆறுக்கும் 12 நிமிடம். ஸ்டாண்டர்டு சேர்த்த பிறகு மறுபடி கலக்க வேண்டும். இந்த நேரம் இரண்டு முறைக்கும் பொது. தவிர, இன்றைய கருவிகள் டிஃபரன்ஷியல் பல்ஸை 6 மில்லிவோல்ட் படியில், படிக்கு 0.1 நொடி என்று ஓட்டக்கூடியவை. அப்படிச் செய்தால் 250 நொடி 21 நொடியாகச் சுருங்கிவிடும். ஆகவே வேகம் என்ற வாதத்தில் பாதிதான் மிச்சம்.

இரண்டாவது காரணம் ஆக்சிஜன். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவு, அதாவது 2.3 × 10⁻⁴ மோலார். உப்புநீரில் கொஞ்சம் குறைவு. ஈயத்தின் அளவுகோலோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு. ஆக்சிஜன் பாதரசத்தின் மேல் இரண்டு கட்டமாக ஒடுக்கமடைந்து, நாம் பார்க்க வேண்டிய இடம் முழுவதையும் மூடிவிடும். ஆக்சிஜனின் வினை மீளாதது. போகும் திசையிலும் திரும்பும் திசையிலும் ஏறக்குறைய ஒரே மின்னோட்டம் தருவதால், ஸ்கொயர் வேவ் கழிக்கும்போது அதில் பெரும்பகுதி தானாகவே நீங்கிவிடும். இது ஸ்கொயர் வேவின் உண்மையான பலம், மறுக்க முடியாது. படகிலோ கரையிலோ வைத்து அளக்க வேண்டியவர், நைட்ரஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர், இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்கொயர் வேவை எடுக்கலாம். ஆய்வகத்தில் சிலிண்டர் இருக்கும்போது இந்த அனுகூலம் மங்கிவிடுகிறது.

இனி உப்பு. பலரும் இதை எதிரியாகப் பார்க்கிறார்கள்; வோல்டாமெட்ரிக்கு, அதாவது மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் இந்த முறைகளுக்கு, இது நண்பன். உப்பு நிறைந்த தண்ணீரை, உலோகங்களைப் பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறையை வைத்து எண்ணும் ஐ.சி.பி. மாஸ் கருவிக்குள் அப்படியே விட்டால் கூம்புகளில் உப்பு படியும், பத்து மடங்கு இருபது மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும், ஏற்கனவே குறைவாக இருந்த ஈயம் இன்னும் குறைந்துவிடும். வோல்டாமெட்ரிக்கோ கடல்நீர் தயாராகக் கலக்கி வைத்த எலக்ட்ரோலைட். கணக்கைப் பார்ப்போம். 0.2 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு துளியின் பரப்பு 0.5 சதுர மில்லிமீட்டர். அதன் மின்தேக்கம் சுமார் 0.1 மைக்ரோஃபாரட். கடல்நீர் மீட்டருக்கு 5 சீமென்ஸ் கடத்தினால், துளியைச் சுற்றிய கரைசலின் மின்தடை சுமார் 80 ஓம். இரண்டையும் பெருக்கினால் 8 மைக்ரோநொடி. நிரப்பு மின்னோட்டம் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போக இதைப்போல் ஐந்து மடங்கு நேரம் போதும், 40 மைக்ரோநொடி. எந்த ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் கவலையில்லை.

அதே துளியைப் புழல் ஏரித் தண்ணீரில் வைத்தால்? நன்னீரின் கடத்துதிறன் கடல்நீரில் நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் மின்தடை 8000 ஓம், ஐந்து மடங்கு நேரம் 4 மில்லிநொடி. ஸ்கொயர் வேவை 100 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அரைச் சுற்று 5 மில்லிநொடிதான். நெரிசல் கலையும் நேரமும் எண்ணும் நேரமும் முட்டிக்கொள்கின்றன. டிஃபரன்ஷியல் பல்ஸின் 50 மில்லிநொடிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஏரித் தண்ணீருக்கும், கடல்நீரைச் சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீருக்கும் அசிடேட் பஃபரோ பொட்டாசியம் குளோரைடோ தாராளமாகச் சேர்த்த பிறகே ஸ்கொயர் வேவைத் தொட வேண்டும். ஒரே வடசென்னையில் பத்து கிலோமீட்டர் தள்ளினால் தண்ணீரும் மாறுகிறது, அமைப்பும் மாற வேண்டும்.

இதுவரை பார்த்தால் கழிமுகத்துக்கு ஸ்கொயர் வேவே பொருத்தம் என்று தோன்றும். உப்பு இருக்கிறது, வேகம் இருக்கிறது, ஆக்சிஜன் தொல்லை குறைவு. என் முடிவைத் திருப்பியது உப்போடு சேர்ந்து வரும் அழுக்கு.

சாக்கடையில் சோப்பு, கொழுப்பு, அழுகிய கரிமப் பொருள் எல்லாம் உண்டு. இவை பாதரசத் துளியின் மேல் படலமாக உட்காரும். படலத்தைத் தாண்டி எலக்ட்ரான் போய்வர நேரமாகும். ஸ்கொயர் வேவின் பலமே திரும்பும் மின்னோட்டத்தில்தான் இருக்கிறது. எலக்ட்ரான் பரிமாற்றம் மந்தமானால் முதலில் அடிபடுவது அதுதான். டிஃபரன்ஷியல் பல்ஸும் அடிபடும், ஆனால் அது கேட்கும் வேகம் குறைவு என்பதால் அடியும் குறைவு.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மீள்வினையில் ஸ்கொயர் வேவ் பீக்கின் உயரம் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தோடு ஏற வேண்டும். அதாவது 25 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பீக் இரண்டு மடங்காக வேண்டும். சுத்தமான உப்புக் கரைசலில் ஈயம் சேர்த்து எடுத்தால் ஏறக்குறைய அப்படித்தான் வரும். பிறகு அதே ஈயத்தை வடிகட்டிய கழிமுகத் தண்ணீரில் சேர்த்து, அதே இரண்டு அதிர்வெண்ணில் எடுத்துப் பாருங்கள். பீக் இரண்டு மடங்கை எட்டாமல், அடிவாரம் அகன்று, உச்சி மழுங்கி நின்றால் படலம் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மாதிரியை ஸ்கொயர் வேவில் எடுத்து எண் எழுதாதீர்கள். ஸ்டாண்டர்டு அடிஷன் இதில் ஒரு பகுதியைச் சரிசெய்யும். முழுவதையும் சரிசெய்யாது, ஏனென்றால் புதிதாகச் சேர்த்த ஈயமும், கரிமப் பொருளோடு ஏற்கனவே பிணைந்து கிடக்கும் ஈயமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

மாதிரியைச் செரிக்க வசதி இருந்தால் கதை மாறுகிறது. அமிலமாக்கிய தண்ணீரில் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் புறஊதா விளக்கின் கீழே ஒரு மணி நேரம் வைத்தால் கரிமப் பொருள் பெரும்பாலும் அழிந்துவிடும். ஜெர்மானியத் தரமுறை 38406-ன் 16-ஆம் பகுதி வோல்டாமெட்ரிக்குத் தண்ணீரைத் தயார்செய்வதில் இந்த வழியைத்தான் பிடிக்கிறது. அதன் பிறகு ஸ்கொயர் வேவின் எல்லா நன்மையும் உங்களுக்கே. மாதிரிகள் நாற்பது ஐம்பது இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

ஆனால் செரித்துவிட்டால் கிடைப்பது மொத்த உலோகம். செரிக்காமல் அளந்தால் கிடைப்பது தளர்ந்து கிடக்கும் பகுதி, அதாவது உடனே வினைபுரியக்கூடிய உலோகம். மீனுக்கும் இறாலுக்கும் எது உள்ளே போகும் என்று யோசிக்கிறவருக்கு இந்த இரண்டாவது எண் முக்கியம். ஐ.சி.பி. மாஸ் கருவி தனியாகத் தராத எண் அது. பாதரசத் துளி தருகிறது. அதனால்தான் செரிக்காத மாதிரியை விட்டுவிட மனமில்லை, அதனால்தான் டிஃபரன்ஷியல் பல்ஸ்.

எந்தத் துளி

10⁻⁸ மோலார் எல்லைக்கு மிக அருகே நின்றுகொண்டு 2.7 × 10⁻⁸ மோலார் காட்மியத்தை நம்பி எழுத முடியாது. அதனால் எந்தப் பல்ஸாக இருந்தாலும் ஸ்ட்ரிப்பிங் வேண்டும். கரைசலைக் கலக்கிக்கொண்டே மைனஸ் 1.2 வோல்ட் அளவில் துளியை வைத்தால் துத்தநாகம், காட்மியம், ஈயம், தாமிரம் நான்கும் பாதரசத்துக்குள் கரைந்து சேரும். கலக்குவதை நிறுத்திப் பத்துப் பதினைந்து நொடி அமைதி. பிறகு மின்னழுத்தத்தை ஏற்றினால் ஒவ்வொன்றாக வெளியேறும்: சுமார் மைனஸ் 1.0-ல் துத்தநாகம், மைனஸ் 0.6-ஐ ஒட்டிக் காட்மியம், மைனஸ் 0.4-ல் ஈயம், கடைசியில் தாமிரம். எல்லை 10⁻¹⁰ மோலார் வரை இறங்கும்.

இதற்குச் சொட்டிக்கொண்டே இருக்கும் பழைய மின்முனை உதவாது, துளி நிலையாக நிற்க வேண்டும். பாதரசச் செலவையும் பாருங்கள். சொட்டும் மின்முனையில் நொடிக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போகும். ஒரு மணி நேரத்துக்கு நான்கு முதல் ஏழு கிராம். தொங்கும் துளி, மேலே சொன்ன 0.2 மில்லிமீட்டர் ஆரத்தில், அரை மில்லிகிராம்கூட இல்லை. ஒரு மணி நேரத்தில் பத்துத் துளி எடுத்தாலும் ஐந்து மில்லிகிராமைத் தாண்டாது. இந்த ஒரு கணக்கே எனக்குப் போதும்.

கிளாசி கார்பன் (கண்ணாடி போன்ற கார்பன்) மின்முனை மேல் மெல்லிய பாதரசப் படலம் பூசுவது இன்னொரு வழி. ஃப்ளோரன்ஸ் 1970-ல் மாதிரிக்குள்ளேயே பாதரச உப்பைச் சேர்த்துப் பூசும் முறையைக் கொடுத்தார். உணர்திறன் அதிகம், பீக் கூர்மை அதிகம். ஆனால் பாதரசம் மிகக் குறைவு என்பதால் தாமிரமும் துத்தநாகமும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு, துத்தநாகப் பீக் குறைந்து தாமிரப் பீக் வீங்கும். துளியிலும் இது நடக்கும், ஆனால் குறைவாக. காலியம் அயனி கொஞ்சம் சேர்த்தால் அது தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும், துத்தநாகம் தப்பிக்கும். படலத்தின் பெரிய தொல்லை வேறு: அழுக்குப் பட்டால் துடைத்து, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். துளியில் ஒரு தட்டு, புதிய மேற்பரப்பு. கழிமுகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதைவிட ஆறுதல் கிடையாது.

பிஸ்மத் படலத்தை ஜோசஃப் வாங் குழு 2000-ல் முன்வைத்தது. நச்சு மிகக் குறைவு. ஈயம், காட்மியத்துக்கு அருமையாக வேலை செய்கிறது. பாதரசமே வேண்டாம் என்று கல்லூரி முடிவெடுத்தால் நான் அதை ஆதரிப்பேன். தாமிரம் மட்டும் கஷ்டம், ஏனென்றால் பிஸ்மத் தானே கரையும் இடத்துக்கு அருகில்தான் தாமிரப் பீக்கும் வருகிறது. பாதரசத்திலும் உப்புநீரில் தாமிரத்துக்கு வலதுபக்கம் இடம் நெருக்கடிதான். குளோரைடு மிகுதியில் பாதரசம் சீக்கிரமே கரையத் தொடங்கி அடிக்கோடு தூக்கிக்கொள்ளும். ஆனாலும் படிக்க முடிகிறது.

பாதரசத்தை வைத்துக்கொள்வது

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டதையும் அதன் பின் நடந்த போராட்டங்களையும் அறிந்த தமிழ்நாட்டில், ஒரு கல்லூரியில் புதிதாகப் பாதரசம் வாங்குவதற்கு நல்ல காரணம் வேண்டும். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. அறையில் 20 டிகிரி வெப்பத்திலேயே பாதரச ஆவி நிறைந்த காற்றில் கன மீட்டருக்கு 13 மில்லிகிராம் வரை இருக்கலாம். பணியிடத்துக்கு அமெரிக்கத் தொழில் நலவியலாளர்கள் பரிந்துரைக்கும் எல்லை 0.025 மில்லிகிராம். மே மாதச் சென்னையில் ஏ.சி. இல்லாத அறை என்றால் அந்த ஆவி இன்னும் கூடும்.

அதனால் கருவியை அகலமான, விளிம்பு உயர்ந்த தட்டுக்குள் நிறுத்துங்கள். காற்றோட்டம் வெளியே போக வேண்டும், அறைக்குள்ளேயே சுற்றக் கூடாது. செல்லைக் கழுவும்போது கரைசலை மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அடியில் உருளும் துளிகளை ஒரு அகல வாய் பாட்டிலில், தண்ணீருக்கு அடியில் சேர்த்து வையுங்கள். சிங்கில் ஒரு துளியும் போகக் கூடாது. கழிமுகத்தில் உலோகம் அளக்கும் துறையின் குழாயிலிருந்தே பாதரசம் கால்வாய்க்குப் போவது பொறுக்க முடியாத காரியம். சிந்தினால் துடைக்காதீர்கள், பரவும். சிரிஞ்சால் உறிஞ்சி, மிச்சத்தின் மேல் கந்தகப் பொடி தூவுங்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய ஆளில்லை என்றால் பிஸ்மத்துக்குப் போய்விடுவதே சரி. தாமிர எண்ணை வேறு எங்காவது வாங்கிக்கொள்ளலாம்.

பாதரசம் காணாதவை

நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியத்தோடு ஆர்சனிக்கும் பாதரசமும் உண்டு. பாதரச மின்முனையால் பாதரசத்தை அளக்க முடியாது. அதற்குத் தங்க மின்முனை வேண்டும். ஆர்சனிக்குக்கும் தங்கமே பொருத்தம். இந்த இரண்டையும் புராஜெக்ட் தலைப்பில் சேர்த்துவிட்டு, துளியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

நிக்கல் வேறு மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் பரவிய பிறகு, நிக்கலையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பது சரியே. கச்சா எண்ணெயிலும் அதன் கனமான கசடிலும் நிக்கலும் வனேடியமும் இருக்கும். நிக்கல் பாதரசத்துக்குள் நன்றாகக் கரையாது, அதனால் மேலே சொன்ன ஸ்ட்ரிப்பிங் பலிக்காது. அமோனியா பஃபரில், பி.எச். 9.5 அளவில், டைமெத்தில் கிளையாக்சிம் சேர்த்தால் நிக்கல் அதோடு கூடித் துளியின் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு எதிர்த்திசையில் ஸ்கேன் செய்ய வேண்டும். இங்கே என் ஓட்டு ஸ்கொயர் வேவுக்கு. மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பொருளுக்கு அது தரும் பீக் டிஃபரன்ஷியல் பல்ஸைவிட நன்றாக உயர்ந்து நிற்கும். ஆனால் ஒட்டும் இடத்துக்குச் சோப்பும் கொழுப்பும் போட்டியிடும் என்பதால் மாதிரியைச் செரிக்காமல் நிக்கலைத் தொடவே கூடாது.

தொடங்க ஒரு அமைப்பு

பாலித்தீன் பாட்டில்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுவதும் ஊறவைத்துக் கழுவுங்கள். காட்டுக்குப்பத்திலோ முகத்துவாரக்குப்பத்திலோ படகு வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் எந்த நேரம் ஏற்றம், எந்த நேரம் வற்றம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஒரே இடத்தில் ஏற்றத்தில் எடுத்தால் பெரும்பாலும் கடல்நீரும், வற்றத்தில் எடுத்தால் ஆறும் கால்வாயும் கொண்டுவந்த நீரும் கிடைக்கும். இரண்டையும் எடுங்கள், நேரத்தைப் பாட்டில் மேலேயே எழுதுங்கள். 0.45 மைக்ரான் வடிதாளில் அன்றே வடிகட்டுங்கள். தளர்ந்த உலோகம் பார்க்க வேண்டிய பாட்டிலை அமிலமாக்காமல் குளிரில் வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள். மொத்த உலோகத்துக்கான பாட்டிலை நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்குங்கள்.

செல்லில் 10 மில்லிலிட்டர் மாதிரி, அசிடேட் பஃபர் சேர்த்து பி.எச். 4.6. கந்தக நாற்றமுள்ள மாதிரி என்றால் முதலில் ஆவிப்பெட்டிக்குள் வைத்து, பி.எச். 4.6-லேயே நைட்ரஜன் விட்டு அந்த வாயுவை விரட்டுங்கள். விட்டுவைத்தால் பாதரசத்தின் மேல் சல்ஃபைடு கருப்பாகப் படியும், ஈயப் பீக்கும் கெடும். நைட்ரஜனை நேராக விடாமல் ஒரு கழுவு பாட்டில் வழியாக ஈரமாக்கி விடுங்கள், மாதிரி வற்றாது. 5 நிமிடம். பிறகு புதிய துளி, மைனஸ் 1.2 வோல்ட்டில் 120 நொடி, 15 நொடி அமைதி, 50 மில்லிவோல்ட் பல்ஸில் டிஃபரன்ஷியல் ஸ்கேன். துத்தநாகம் வேண்டாம் என்றால் மைனஸ் 0.9-லிருந்து தொடங்குங்கள், தாமிரத்தோடு வரும் சண்டை அப்படியே நீங்கிவிடும். ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு முறை ஸ்டாண்டர்டு சேர்த்துக் கோடு போடுங்கள். கோடு வளைந்தால் அந்த எண்ணை நம்பாமல் சேர்க்கும் நேரத்தைப் பாதியாக்கி மறுபடி எடுங்கள்.

அமிலமாக்கிய பாட்டில்களில் ஐந்தாறை ஐ.சி.பி. மாஸ் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அங்கே வரும் மொத்த எண் உங்கள் செரித்த மாதிரி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். செரிக்காத மாதிரி எண் அதைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாக இருந்தால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது என்று பொருள், பாட்டிலிலிருந்து தேடத் தொடங்குங்கள். ஊர்க்காரர்களிடம் எண்ணைக் கொடுக்கும்போது வடிகட்டியதா, செரித்ததா, ஏற்றமா வற்றமா என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். "இதுல ஈயம் ஜாஸ்தியா கம்மியா, அத சொல்லுங்க சார்" என்று கேட்பார்கள். அந்த மூன்று விவரமும் இல்லாத தாளை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது.